கத்தி படுமுன்னும் கப்பல் போகுமுன்னும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பின்னலாடைத் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் ஏழெட்டுப் பிள்ளைகள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதில் ஒருவர் என் பழைய சிநேகிதரின் மகள். அப்பா போனபின் கம்பெனியைக் கையில் எடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: “எந்த முடிவு எடுத்தாலும் தப்பாயிருமோன்னு பயமா இருக்குதுங் பெரியப்பா. அதனால எல்லாத்தையும் தள்ளிப் போட்டுட்டே வர்றேன். டேபிள் நெறைய பைல் கெடக்குது. நீங்க எப்படிங் சமாளிச்சீங்க?”

வாசலில் நின்றபடி ஏதோ சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. 1979-இல் திருப்பூர் காதர்பேட்டையில் கைமடி என்னும் உதவியாள் வேலைக்குச் சேர்ந்தவன் நான். 1991-இல் எட்டு மெஷினோடு சொந்தக் கம்பெனி. இத்தனை வருடத்தில் என்னோடு தொழில் செய்து, மூடிவிட்டுப் போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். தப்பான முடிவெடுத்து மூடியவர்கள் அதில் கொஞ்சம்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் சரியான முடிவைத்தான் எடுத்தார்கள். எடுத்த நாளில் அது யாருக்கும் பயன்படவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அம்மிணி, உங்களுக்கும் உங்களோடு வந்த தம்பிகளுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

1. கப்பல் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பையர் 90 நாள் கொடுத்தால் கையில் 90 நாள் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கடைசியிலிருந்து எழுதிப் பாருங்கள். கன்டெய்னர் தூத்துக்குடி போய்க் கப்பலில் ஏற 4 நாள். செக்கிங், அயர்னிங், பேக்கிங் 10 நாள். தையல் 22. கட்டிங் 6. சாயமும் காம்பேக்டிங்கும் 15. நிட்டிங் 8. மில்லிலிருந்து நூல் வர 7. கூட்டினால் 72 வருகிறது. மீதி 18 நாள். அதற்குள் லேப் டிப் அனுப்பிக் கலர் ஓகே வாங்க வேண்டும், சாம்பிள் தைத்து அனுப்ப வேண்டும், பேங்க் லிமிட்டைப் பார்க்க வேண்டும், எந்த நிட்டிங்காரர், எந்தச் சாயப்பட்டறை என்று பேசி முடிக்க வேண்டும்.

ஆக அந்த ஆர்டரின் நிஜமான கெடு 18-ஆம் நாள். 19-ஆம் நாள் சும்மா இருந்தால் யாரும் திட்டமாட்டார்கள், போன் அடிக்காது, எல்லாம் நன்றாகப் போவது போலவே இருக்கும். போன் அடிப்பது 80-ஆம் நாள். பேக்கிங் ஹாலில் விடிய விடிய விளக்கெரிய, முதலாளியும் கூட நின்று பெட்டி ஒட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் ஒட்டியிருக்கிறேன். அதைக் கடும் உழைப்பென்று ஊர் மெச்சும். அறுபது நாளுக்கு முன்னால் பதில் போடாமல் விட்ட ஒரு மெயில்தான் அந்த ராத்திரிக்குக் காரணம்.

ஒவ்வொரு ஆர்டர் பைலின் அட்டையிலும், கப்பல் தேதிக்கு மேலே, நூல் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

2. பிரித்துத் தைக்கலாமா, கத்தி பட்டதா என்று பாருங்கள்

கட்டிங் டேபிளுக்கு ஒருநாள் போய் நில்லுங்கள். துணியை 80 அடுக்கு லே போட்டு, மேலே மார்க்கர் பேப்பரை விரித்து, நான்கு பக்கமும் கிளிப் மாட்டியபின், கட்டிங் மாஸ்டர் மெஷினைக் கையில் எடுத்ததும் உடனே சுவிட்ச் போடமாட்டார். ஒருதரம் சுற்றி வந்து பார்ப்பார். மேல் அடுக்கைக் கையால் தடவுவார். ஷ்ரிங்கேஜ் ரிப்போர்ட் வந்ததா என்று கேட்பார். ஏனென்றால் கத்தி பட்ட துணியை ஒட்ட முடியாது. அதே கம்பெனியில் பத்தடி தள்ளி ஓவர்லாக்கில் உட்கார்ந்திருக்கும் பெண், தையல் கோணினால் ஒரு நொடி யோசிக்கமாட்டார். சர்ரென்று பிரித்துவிட்டு மறுபடி ஓட்டுவார்.

நம் முன்னால் வரும் முடிவுகளும் இந்த இரண்டு வகைதான். எந்த லைனில் எந்த ஸ்டைலை ஏற்றுவது, யாரை எந்த ஷிப்டுக்கு மாற்றுவது, எந்தக் கடையில் நூல்கண்டு வாங்குவது போன்றவற்றில் தப்பினால் நாளை மாற்றிக்கொள்ளலாம். நின்ற இடத்திலேயே சொல்லிவிடுங்கள். இடம் வாங்குவது, பங்குதாரரைச் சேர்ப்பது, கடனில் மெஷின் இறக்குவது, ஒரே பையரை நம்பி இன்னொரு யூனிட் கட்டுவது ஆகியவற்றில் கத்தி பட்டுவிடும். அதற்குச் சுற்றி வந்து பாருங்கள், ஒரு ராத்திரி தூங்கி எழுந்து பாருங்கள், வீட்டில் பேசுங்கள். ஆனால் எந்த நாளில் முடிப்பது என்பதை முதல்நாளே குறித்துவிட்டு யோசிக்க உட்காருங்கள்.

புதிதாக வருகிறவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆபீசுக்கு என்ன கலர் பெயின்ட் என்று மூன்று வாரம் யோசித்தவர், ஒன்றரைக் கோடி மெஷின் கடனுக்கு டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

3. “இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் புதிதாக என்ன தெரியும்?”

என் தொழிலில் எனக்கு மிக அதிகம் உதவிய கேள்வி இது. இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

1998-இல் ஐரோப்பாவுக்கு ஒரு ஆர்டர். இளநீலத்தில் குழந்தைகள் டி-ஷர்ட். சாயப்பட்டறையிலிருந்து 1,100 கிலோ துணி வந்தது. கலர் பார்க்கும் பெட்டியில் பையர் ஓகே செய்த துண்டையும் வந்த துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பகல் வெளிச்சத்துக்குரிய டி65 விளக்கில் இரண்டும் அண்ணன் தம்பி போல ஒத்துப்போயின. அடுத்த சுவிட்ச், அப்போது ஐரோப்பியக் கடைகளில் எரிந்த டிஎல்84 விளக்கு. அதைப் போட்டதும் நம் துணி லேசாகச் சிவப்படித்தது. சாய மேஸ்திரியைக் கூப்பிட்டேன். தலையைச் சொறிந்தார். மெர்ச்சண்டைசர் பையன், “கொஞ்சம்தானுங்க, பாஸ் பண்ணிருவாங்க” என்றான்.

எனக்கு இருந்த வழி இரண்டு. அன்றைக்கே ரீ-டையிங்குக்குத் திருப்பி அனுப்பலாம். இல்லாவிட்டால், அன்றைக்கே ஒரு துண்டை வெட்டிக் கூரியரில் பையிங் ஆபீசுக்கு அனுப்பி, “இப்படித்தான் வந்திருக்கிறது, ஏற்பீர்களா?” என்று கேட்கலாம். இரண்டையும் செய்யவில்லை. பார்ப்போம் என்று நான்கு நாள் விட்டேன். அந்த நான்கு நாளில் துணி நிறம் மாறப்போவதில்லை, பையரின் மனசும் எனக்குத் தெரியப்போவதில்லை. புதிதாக ஒரு தகவலும் வரப்போவதில்லை என்று தெரிந்தும், கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் கேட்காமலேயே இருந்தேன். ஐந்தாம் நாள் கேட்டேன், மாட்டேன் என்றார்கள். ரீ-டையிங் போய் வந்தபின் கடல்வழி அனுப்ப நாள் இல்லை. விமானத்தில் போனது. ஒரு பீஸில் எனக்கு நின்றிருக்க வேண்டிய லாபத்தைப் போல மூன்று பங்கு விமானக் கூலிக்குப் போயிற்று. என் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது அந்த மாதம்தான்.

பொறுத்தால் உருப்படியாக ஏதாவது தெரியவரும் என்றால் பொறுங்கள். ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் ரிப்போர்ட் நாளை வருகிறது என்றால் நாளைவரை கட்டிங்கை நிறுத்துங்கள், அது நிதானம். எதுவும் வரப்போவதில்லை என்றால் இன்றைக்கே முடித்துவிடுங்கள்.

4. நூல் விலையில் அடிமட்டத்தைத் தேடாதீர்கள்

மாதம் பிறந்தால் மில்காரர்கள் என்ன விலை சொல்லப் போகிறார்கள் என்று திருப்பூரே காத்திருக்கும். இன்னும் இறங்கும் என்று வாங்காமல் இருப்பவர், இன்னும் ஏறும் என்று அள்ளிப் போடுபவர், இருவருமே சூதாடுகிறார்கள். 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு 2022 மே மாதம் 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இறக்குமதிப் பஞ்சுக்கான 11 சதவீத வரியை அரசு அந்த ஏப்ரலிலேயே நிறுத்தி வைத்திருந்தும் ஏற்றம் நிற்கவில்லை. 1 லட்சத்தில் பயந்துபோய் ஆர்டர் இல்லாத நூலையும் வாங்கி அடுக்கியவர்கள் உண்டு. அதே வருடக் கடைசிக்குள் விலை வெகுவாக இறங்கிவிட்டது.

எனக்கு ஒரே வழக்கம்தான். ஆர்டர் உறுதியான அன்றைக்கே, அந்த ஆர்டருக்குத் தேவையான நூலை, அந்த ஆர்டருக்குக் கணக்குப் போட்ட விலையில் புக் பண்ணிவிடுவேன். மறுநாள் பத்து ரூபாய் இறங்கினால் வருத்தப்படமாட்டேன். நான் விற்பது சட்டை. நூல் விலையை ஊகிப்பது என் தொழில் இல்லை.

5. அடுத்தவன் அவசரத்தை உங்கள் கெடுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

உரிய நேரத்தில் முடிவெடுங்கள் என்று நான் சொல்வதை உடனே கையெழுத்துப் போடுங்கள் என்று புரிந்துகொண்டுவிடாதீர்கள். 2007-இல் நடந்ததைச் சொல்கிறேன். வருடத் தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர், வருடம் முடிவதற்குள் 40-க்குக் கீழே போனது. டாலரில் விலை பேசி ரூபாயில் கூலி கொடுக்கிற எங்களுக்கு அது மூச்சு முட்டும் காலம். அப்போது பேங்குகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சுவிஸ் பிராங்க், யென் என்று எங்களுக்குத் தொடர்பே இல்லாத நாணயங்களோடு முடிச்சுப்போட்ட ஒப்பந்தங்களைக் காட்டி, டாலரில் போனதை இதில் எடுத்துவிடலாம் என்றார்கள்.

என்னிடம் வந்தவர் நல்ல மனிதர்தான். “சார், இன்னிக்கு மூணு மணிக்குள்ள போட்டாத்தான் இந்த ரேட்டு” என்றார். என் கணக்கர் அப்போது அறுபதைத் தாண்டியவர், வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் காகிதத்தைக் கொடுத்து, “இதுல நாம எவ்வளவு தோத்துப் போகலாம்னு ஒரு வரியில எழுதிக் குடுங்க” என்றேன். அரைமணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, “எவ்வளவு ஜெயிக்கலாம்னு போட்டிருக்குதுங். எவ்வளவு தோக்கலாம்னு எனக்குத் தெரியலீங்” என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. மூன்று மணி தாண்டியது. வந்தவர் வருத்தத்தோடு போனார்.

2008 கடைசியில் டாலர் 50-ஐத் தொட்டது. அந்த ஒப்பந்தங்களில் மாட்டியவர்களின் நஷ்டம் அவர்களுடைய பல வருட லாபத்தைத் தின்றது. நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் என்னைவிட அறிவில் குறைந்தவர்கள் இல்லை. மூன்று மணி என்று ஒருவர் வைத்த கெடுவைத் தங்கள் கெடு என்று நம்பிவிட்டார்கள். புரியாத காகிதத்துக்கு அன்றைக்கே “வேண்டாம்” என்று சொல்வதும் உரிய நேரத்தில் எடுத்த முடிவுதான்.

6. முடியாது என்பதை முதலில் சொல்லுங்கள்

தாமதமாகும் என்று 20-ஆம் நாள் சொன்னால் பையர் திட்டுவார், கொஞ்சம் விலை குறைக்கச் சொல்வார், பாதிச் சரக்கை முன்னால் அனுப்பச் சொல்வார். அவர் கையிலும் வழி இருக்கும். 80-ஆம் நாள் சொன்னால் அவர் கையில் எந்த வழியும் மிச்சமிருக்காது. அடுத்த சீசன் ஆர்டர் உங்களுக்கு வராது.

7. ஆட்கள் சம்பந்தப்பட்டது எதையும் ராத்தங்க விடாதீர்கள்

2020 மார்ச் 24 ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு என்றார். எங்கள் ஹாஸ்டலில் அப்போது ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் 64 பேர். சமையலறையில் நான்கு சிலிண்டர், இரண்டு நாளைக்கு அரிசி. பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லி ஏற்கெனவே மெயில் போட்டிருந்தார்கள். பணம் எப்போது வரும் என்று தெரியாது.

பேச்சு முடிந்து பத்து நிமிடத்தில் ஹாஸ்டலுக்குப் போனேன். எல்லோரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. அவர்களில் தமிழ் தெரிந்த ஒரு பையனைக் கூப்பிட்டு, “சாப்பாடும் இடமும் நம்ம பொறுப்பு. எத்தனை நாளானாலும் சரி. வாரா வாரம் செலவுக்குக் கொஞ்சம் பணம் கிடைக்கும். ஊருக்குப் போகணும்னா வழி தெறந்ததும் நாமளே அனுப்பறோம்” என்று சொல்லச் சொன்னேன். அவன் ஒடியாவில் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். எப்படிச் செய்யப்போகிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது. அரிசி மண்டிக்காரருக்கு அந்த ராத்திரியே போன் போட்டு, கடன் சொல்லி, விடிந்ததும் 10 மூட்டை இறக்கினேன். மே மாதம் ரயில் விட்டதும் சிலர் ஊருக்குப் போனார்கள். ஜூனில் மெஷின் ஓட ஆரம்பித்தபோது 41 பேர் இருந்தார்கள்.

இதே நியாயம் சின்ன விஷயத்துக்கும் பொருந்தும். தீபாவளி போனஸ் எவ்வளவு என்பதை ஒரு மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள். கடைசி வாரம் வரை இழுத்தால், நீங்கள் எவ்வளவு கொடுத்தாலும் மனக்கசப்புதான் மிஞ்சும். ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது என்று மனசுக்குள் முடிவாகிவிட்டால், அவரிடம் அதைச் சொல்லாமல் மூன்று மாதம் முகம் திருப்பிக்கொண்டு நடப்பது பாவம். அவர் வேறு வேலை தேட வேண்டிய மூன்று மாதத்தை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள்.

8. தள்ளிப்போட்ட முடிவுக்கு வேறொருவர் விலை கொடுத்துக்கொண்டிருப்பார்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மற்ற அறிவுரைகளுக்கு மரியாதை இல்லை.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தை நூலுக்குள் தள்ளிவிட்டு அந்த உப்பு முழுக்கத் தண்ணீரிலேயே நின்றுவிடும். நிறத்தைப் போக்குவது ஓரளவு சுலபம். உப்பை எடுப்பதற்கு, தண்ணீரை ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தள்ளி, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். செலவு பிடித்த வேலை. அந்தச் செலவைச் செய்யாமல் பல வருடம் நாங்கள் அந்தத் தண்ணீரை நொய்யலில் விட்டோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு அது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது.

எனக்கும் ஒரு சாயப்பட்டறையில் பங்கு இருந்தது. சாயக்கழிவு ஒரு சொட்டுக்கூட ஆற்றில் போகக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் சொன்னது. 2007-இல் எங்கள் பங்குதாரர் கூட்டத்தில் ஆவியாக்கும் இயந்திரத்துக்கு விலைப்புள்ளி வந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். காகிதத்தைச் சுற்றிக் கொடுத்தார்கள். என்னிடம் வந்தபோது, “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று சொன்னது நான்தான். வழக்கு மேலே போகிறது, அவகாசம் கிடைக்கும் என்று பேசிக்கொண்டோம். அவகாசம் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் 2009-இல் கொடுத்த கெடுவும் முடிந்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரே வாரத்தில் திருப்பூரில் சாயம் போட இடமில்லை. துணியை லாரியில் ஏற்றி வெளி மாநிலத்துக்கு அனுப்பிச் சாயம் போட்டு வாங்கினோம். சம்பளம் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின.

எங்களுக்கு அது நான்கு வருடத் தாமதத்தின் தண்டனை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்தவர்களுக்கு அதைவிட நீண்ட தண்டனை. என் அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம். 2009-இல் மாமா வீட்டுத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாமா கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து என் கையில் கொடுத்தார். வாயில் வைத்தேன். உப்பு. மாமா எதுவும் சொல்லவில்லை. சொம்பை வாங்கிக் கீழே ஊற்றிவிட்டுத் தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். குருத்து காய்ந்திருந்தது.

இன்றைக்குத் திருப்பூரில் சாயத் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறோம், பையர்களிடம் அதைப் பெருமையாகவும் சொல்கிறோம். பெருமைப்படலாம். ஆனால் அதே தொழில்நுட்பத்துக்கான விலைப்புள்ளி 2007-இல் என் கையில் இருந்தது. ஒரு முடிவைத் தள்ளிப்போடும்போது, இந்தத் தாமதத்தின் உப்பு யார் கிணற்றில் போய்ச் சேருகிறது என்று கேட்டுவிட்டுத் தள்ளிப்போடுங்கள்.

9. பேங்கும் சட்டமும் உங்கள் மனநிலைக்குக் காத்திருக்காது

கடன் தவணை தவறினால் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று படி. 90 தாண்டினால் வாராக்கடன். 85-ஆம் நாள் மேனேஜர் முன்னால் நின்றால் அவரால் அனுதாபம் மட்டுமே காட்ட முடியும். தவணை தவறும் என்று தெரிந்த அன்றைக்கே, தவறுவதற்கு முன்னால், கையில் ஆர்டர் பைலோடு போய் உட்காருங்கள். எல்.சி. ஆர்டரில் வேறு நாள் குறிப்பிடாவிட்டால், கப்பல் ஏறிய 21 நாளுக்குள் ஆவணங்கள் பேங்கில் இருக்க வேண்டும். சிறு தொழில் என்று பதிந்திருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் உங்கள் பணத்தை உள்நாட்டு வாடிக்கையாளர் பிடித்து வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள். அதேபோல, உங்களுக்குச் செக்கிங்கும் சிங்கர் தையல் வேலையும் செய்து தருகிற சின்ன ஆட்களுக்கு நீங்களும் இழுக்காதீர்கள்.

10. சில கெடுக்கள் வரும்போது, எடுக்க முடிவே மிச்சமிருக்காது

2025 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அமெரிக்கா இன்னொரு 25 சதவீத வரியை அறிவித்தது. ஏற்கெனவே அறிவித்த 25-உம் சேர்ந்து 50 சதவீதம், ஆகஸ்ட் 27 முதல். கையில் 21 நாள். முதல் அறிவுரையில் போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். தையலுக்கு மட்டுமே 22 நாள். பேக்கிங்கில் இருந்த சரக்கை ஏற்றலாம், அவ்வளவுதான். விலையை இறக்கு என்று பையர் கேட்டபோது, அமெரிக்காவை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அந்த 21 நாளில் எடுக்க எந்த நல்ல முடிவும் இல்லை. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளைகுடாவிலும் கொஞ்சம் கொஞ்சம் வாடிக்கை வைத்திருந்தவர்கள் அந்த முடிவை ஐந்தாறு வருடம் முன்னால், எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மாதத்தில், எடுத்திருந்தார்கள்.

வருடத்துக்கு ஒருநாள், ஆர்டர் நிறைந்திருக்கிற நாளாகப் பார்த்து, “எது போனால் நாம் விழுவோம்?” என்று உட்கார்ந்து யோசியுங்கள். அதற்கான முடிவை அந்த வருடமே ஆரம்பியுங்கள்.

11. எழுதி வையுங்கள், பிரித்துக் கொடுங்கள்

என் மேஜையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு எப்போதும் இருக்கும். தேதி, மணி, என்ன முடிவு, அப்போது எனக்கு என்ன தெரியும், ஏன் எடுத்தேன். நான்கே வரி. ஆறு மாதம் கழித்து முடிவு தப்பானால், எழுதியதைப் படித்துப் பார்ப்பேன். தெரிய வேண்டியதைக் கேட்காமல் விட்டேனா, தெரிந்தும் நாள் கடத்தினேனா, இல்லை யாருக்கும் தெரிந்திருக்க முடியாததா? மூன்றாவது என்றால் என்னைத் திட்டிக்கொள்ளமாட்டேன். தப்பாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றீர்களே, அம்மிணி, எனக்குத் தூக்கம் கொடுத்தது அந்த நோட்டுதான்.

இன்னொன்று. எல்லா முடிவும் உங்கள் மேஜைக்கு வந்தால் எல்லாமே தாமதமாகும். தையலில் ஊசி ஓட்டை விழுந்தாலோ அளவு தப்பினாலோ, லைனை நிறுத்தும் அதிகாரத்தை லைன் சூப்பர்வைசருக்கே கொடுங்கள். நிறுத்தியதற்காக அவரை ஒருநாளும் கடிந்துகொள்ளாதீர்கள். ஒரு தொகை வரைக்கும் மேனேஜரே செலவழிக்கட்டும். நீங்கள் கல்யாண வீட்டில் இருக்கும்போது ஒரு பாய்லர் வால்வு வாங்க உங்கள் போனுக்கு ஆள் காத்திருக்கிறார் என்றால், அந்தக் கம்பெனியைச் சரியாக அமைக்கவில்லை என்று பொருள்.

12. நாற்காலியை விட்டு எழுவதற்கும் ஒரு தேதி உண்டு

எனக்குத் தெரிந்து பெரியவர்கள் அதிகம் தள்ளிப்போடும் முடிவு இதுதான். நான் 2023 ஏப்ரல் 1-ஆம் தேதி என்று ஒரு வருடம் முன்னாலேயே நோட்டில் எழுதினேன். அன்றைக்குக் காலையில் மகளை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எனக்கு வேறொரு நாற்காலியை எடுத்து சாம்பிள் ரூமில் போட்டுக்கொண்டேன். நோட்டையும் அவளிடமே கொடுத்துவிட்டேன்.

அந்த ஆகஸ்டில் 1,20,000 பீஸ் ஆர்டர் ஒன்று வந்தது. நல்ல விலை, நல்ல பையர். நானாக இருந்தால் எடுத்திருப்பேன். அவள் பின்னோக்கி எண்ணிப் பார்த்திருக்கிறாள், சாயத்துக்கு நாள் பத்தவில்லை, தீபாவளிக்கு ஆட்கள் ஊருக்குப் போகும் வாரம் நடுவில் விழுகிறது. காலை 11.20-க்கு வேண்டாம் என்று மெயில் போட்டுவிட்டாள். சாயங்காலம் நோட்டில் அந்த நான்கு வரியைப் படித்தேன். என்னிடம் கேட்டிருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

அம்மிணி, உங்கள் மேஜையில் கிடக்கும் பைல்களில் கத்தி படுகிற வேலைகளைத் தனியாக எடுத்து ஓரமாக வையுங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி போடுங்கள். மீதி உள்ளதில் மேலே கிடப்பதை நாளைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள். அடுத்ததைப் பேசலாம்.